கால் இல்லாத நாற்பது பேர்

அத்தியாயம் 5

ஸ்பெயினுக்குப் போகும் சந்தோஷத்தில் நான் பெட்டியே அடுக்கிவிட்டேன். கறுப்புக் கண்ணாடி, வெயில் தொப்பி, நீச்சல் காற்சட்டை எல்லாம் உள்ளே போயிற்று. தொலேதோ நடு நாட்டில் இருக்கும் ஊர், அங்கே கடலே இல்லை என்று மதாம் சொன்ன பிறகு நீச்சல் காற்சட்டையை மட்டும் வெளியே எடுத்தேன். மற்றவற்றை எடுக்க மனம் வரவில்லை.

மதாம் என்றால் ஆலீஸ் லூர்துசாமி. புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் கழித்து, ஓய்வு பெற்ற மறுமாதமே பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவர். டிக்கெட் இல்லாதவனின் முகத்தை ஒரு பெட்டி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். நான் றொஜர், அவருடைய உதவியாளன். முன்பு மரக்கறி வான் ஓட்டினேன். இரண்டு தொழிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது அழுகியது என்று மூடியைத் திறக்காமலே மணத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் போனில் தொலேதோ வழக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று எங்கள் முன்னால் வந்து இருந்தவள் ரேஷ்மா. சார்செலில் தாயோடு இருக்கிறாள், ஒரு மருந்துக்கடையில் வேலை. இங்கேயே பிறந்தவள் என்பதால் சாதாரணமாகப் பிரெஞ்சில்தான் பேசுவாளாம், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருமாம். அன்று முழுக்கத் தமிழில்தான் பேசினாள்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை பொபினி நகரசபையில், எங்கள் ஆட்கள் மேரி என்று சொல்லும் அந்தக் கட்டடத்தில், அவளுக்கும் கிருத்திக்குக்கும் பதிவுத் திருமணம். கிருத்திக் கோயம்புத்தூர்ப் பையன், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. மே மாத நீண்ட விடுமுறையில் பழைய மாணவர் சங்கம் பேருந்து பிடித்து லூர்து, மத்ரித், தொலேதோ என்று சுற்றுலா போனபோது, வருங்கால மருமகன் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களோடு பழக வேண்டும் என்று ரேஷ்மாவின் தாய் ஜெயமணிதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். ரேஷ்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

பழகப் போனவன் கெட்டுப்போனான் என்று சொன்னவர் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன். ஜெயமணியின் தமையன். ரேஷ்மாவின் தகப்பன் இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. அவர் தொலேதோவுக்கு மற்றவர்களோடு போகவில்லையாம். மத்ரித்தில் ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டுத் தனியாக ரயிலில் போய், சதுக்கத்தில் ஒரு கபேயில் உட்கார்ந்திருந்தாராம். சங்கத்து ஆட்கள் எல்லோரும் சேர்ச்சில் இருந்து வந்து அவர் முன்னால் கடந்து போனார்களாம். அவர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் கூப்பிடவில்லையாம். அதற்குப் பிறகு கிருத்திக் ஒரு ஸ்பானியப் பெண்ணோடு, கையில் ஊதாப் பூக்கொத்தோடு, எதிரே இருந்த ஹோட்டலுக்குள் நுழைந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டாராம்.

"அம்மாவைக் கேட்டன், அழுதுகொண்டு மாமா பொய் சொல்லமாட்டார் எண்டுறா," என்றாள் ரேஷ்மா. "கிருத்திக்கைக் கேட்டன். பொம்பிளையும் இல்லை, ஹோட்டலும் இல்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம் தனிய நடந்து போனனான் எண்டான். நான் நம்பினன். பிறகு அந்த ஊதாப் பூவைப் பற்றிக் கேட்டன் மதாம். உடனை வாயை மூடியிட்டான். இண்டைக்கு வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூ பொய் எண்டா இல்லை எண்டு சொல்லலாம்தானே?"

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அழவில்லை. சனிக்கிழமை அந்த மேரிக்குப் போவதா வேண்டாமா என்பதைச் சொல்லுங்கள், அது போதும் என்றாள்.

நான் பெட்டியை நினைத்தேன். "தொலேதோவுக்கு நேரை போய் அந்த ஹோட்டலிலை விசாரிச்சா முடிஞ்சுது," என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்.

மதாம் என்னைப் பார்க்கவே இல்லை. சுற்றுலாவில் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று ரேஷ்மாவிடம் கேட்டார்.

அது பசித்தவனிடம் பந்தியைக் காட்டிய கேள்வி. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் படங்கள் மழையாய்ப் பெய்திருந்தன. தொலேதோவுக்கு இரண்டாயிரம் வருடச் சரித்திரம் இருக்கிறதாம். எங்கள் ஆட்கள் அதை முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ரோமானியர் காலம் ஒரு தோளுக்குப் பின்னால், அரபுக்காரர் காலம் ஒரு கொண்டைக்குப் பின்னால். கோட்டை வாசல் ஒன்றை முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டுப் பத்துப் படம் தள்ளினேன். பத்திலும் ஒரே குடும்பம் கோட்டையை மறைத்துக்கொண்டு நின்றது.

கிருத்திக் எடுத்த படம் எங்கே என்றால் ஒன்றுகூட இல்லை. படமே எடுக்காமல் ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வந்த தமிழன் இருக்கிறான் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். எங்கள் ஊரில் இது பெரிய குற்றம். படம் இல்லையென்றால் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

மதாம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளினார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

"றொஜர், காலையில எடுத்த போட்டோ எல்லாத்துலயும் இவங்களுக்குக் கால் இருக்கு. மத்தியானத்துக்கு மேல ஒருத்தருக்கும் கால் இல்ல. நீயே பாரு."

பார்த்தேன். காலைப் படங்களில் ஒவ்வொருவரும் தலையில் இருந்து சப்பாத்து வரைக்கும் நின்றார்கள். சுற்றுலாவுக்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்துகள். ஒன்றிரண்டு பேர் காலைத் தூக்கி வேறு காட்டியிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு எல்லாப் படமும் இடுப்போடு நின்றுவிட்டது. ஒரு படத்தில் ஆறு பேர் ஒரு குட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தார்கள்.

"பேய்க்குத்தான் மதாம் கால் இல்லை," என்றேன். "மத்தியானச் சாப்பாட்டோடை நாப்பது பேரும் போய்ச் சேந்திட்டினம் போலை. இஞ்சை திரும்பி வந்தது ஆர் எண்டு விசாரிக்கவேணும்."

ரேஷ்மா முதல் தடவையாகச் சிரித்தாள். மதாம் சிரிக்கவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஸ்பெயினுக்கோ?"

"கீழ, தெருவுக்கு," என்றார்.

முதலில் கிருத்திக்கைப் பார்த்தோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில், மதிய இடைவேளைக்கு ஓடிவந்திருந்தான். கழுத்தில் இன்னும் ஆபீஸ் அட்டை தொங்கியது. ஒல்லியான பையன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ரகம். ஆனால் தொலேதோவில் என்ன பார்த்தாய் என்று மதாம் கேட்டதும் தேநீரை மறந்துவிட்டான்.

"ஊருக்குள்ள நின்னா அந்த ஊரு தெரியாது மேடம். ஆத்தத் தாண்டிப் போகணும்."

பிறகு அவன் சொன்னதை எல்லாம் அப்படியே எழுத எனக்குத் திறமை போதாது. பேருந்து நின்ற இடத்தில் எல்லோரும் படம் எடுக்கத் தொடங்கியதும் இவன் நழுவி, பழைய கல்பாலத்தைக் கடந்து, எதிர்க்கரை மலைப் பாதையில் ஏறியிருக்கிறான். ஆறு மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்திருக்க, ஊர் முழுவதும் ஒற்றைப் பாறையின் மேல் நிற்கிறதாம். வீடு, மதில், கோபுரம் எல்லாம் ஒரே மண் நிறம். வழியில் ஒரு சின்ன மாதா கோயில், அதைச் சுற்றிக் கற்களும் வாசனைச் செடிகளும். அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஊருக்குள் மணி அடித்தால், சத்தம் ஆற்றைத் தாண்டி வந்து சேரக் கொஞ்சம் தாமதிக்குமாம். அந்தத் தாமதத்துக்காகவே அடுத்த மணி வரை காத்திருந்தானாம்.

"ரேஷ்மா இல்லாம இதைப் பாக்குறோமேன்னு கஷ்டமா இருந்துச்சு," என்று முடித்தான்.

அதுவரை எனக்குத் தொலேதோ என்றால் கறுப்புக் கண்ணாடி போடுவதற்கு ஒரு சாட்டு. அந்த நிமிடத்தில் அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசை வந்தது.

"இதை ஒரு படம் எடுத்திருந்தா இந்தக் கரைச்சல் இல்லைத் தம்பி," என்றேன்.

"எடுத்திருந்தா பாத்திருக்க மாட்டேன் அண்ணா."

மதாம் இரண்டு கேள்வி கேட்டார். திரும்பிப் பேருந்துக்கு வந்தபோது மற்றவர்களின் காலில் என்ன இருந்தது என்பது முதல் கேள்வி. பையனின் முகம் சிவந்தது. அதைச் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணியிருப்பதாகச் சொன்னான். ஊதாப் பூ என்ன ஆயிற்று என்பது இரண்டாவது கேள்வி. முகத்தில் இருந்த சிவப்பு வடிந்துபோயிற்று.

"அதச் சொல்ல மாட்டேன் மேடம். கல்யாணம் நின்னாலும் சொல்ல மாட்டேன்."

காசு கொடுக்காமல் நழுவுகிறவனின் பேச்சு இல்லை அது. வெளியே வந்ததும் நான் மதாமிடம், ஒரு மாப்பிள்ளை இரண்டு கேள்விக்கு வாயை மூடினால் மூன்றாவது கேள்வியை நீதிபதிதான் கேட்பார் என்றேன். டிக்கெட் இல்லாதவன் எப்போதும் அதிகம் பேசுவான், பேசாமல் நிற்கிறவனிடம் பெரும்பாலும் டிக்கெட் இருக்கும், எடுத்துக் காட்டத்தான் கூச்சப்படுவான் என்றார் மதாம்.

அடுத்து கோசலையின் பலசரக்குக் கடை. கோசலை சங்கத்தின் சகல சுற்றுலாவுக்கும் முன் இருக்கையில் போகிறவர். சாதாரணமாக அந்தக் கடையில் இரண்டு முருங்கைக்காய் வாங்கினால் மூன்று குடும்பத்தின் கதை இலவசமாகக் கிடைக்கும். அன்று தொலேதோ என்ற சொல்லைக் கேட்டதும் அரிசி மூட்டைக்கு விலை ஒட்டத் தொடங்கிவிட்டார். நல்ல ஊர், நல்ல வெயில், அவ்வளவுதான் என்றார்.

நான் கை தவறியதுபோல் ஒரு மிளகாய்த்தூள் பக்கற்றைக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் விழுத்தினேன். எடுக்கக் குனிந்தபோது கோசலையின் கால் தெரிந்தது. கயிற்றை வளைத்து அடி போட்ட, கண்ணைக் குத்தும் சிவப்பு நிறத்துத் துணிச் செருப்பு. ஸ்பெயினில் கடற்கரைக்குப் போகிற பிள்ளைகள் போடுவது.

"அக்கா, பேய் இல்லை நீங்கள்," என்று நிமிர்ந்தேன். "கால் இருக்குது."

கோசலை ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்தார். மற்றக் காலிலும் அதே சிவப்பு இருந்ததால் பிரயோசனம் இல்லை. தான் சத்தியம் செய்திருப்பதாகக் கெஞ்சினார். முருகன் மேல் ஒன்று, லூர்து மாதா மேல் ஒன்று. ஒருவர் மன்னித்தாலும் மற்றவர் விடமாட்டார் என்பது ஏற்பாடு.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் கோசலை. நான் சொல்றேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க," என்றார் மதாம். "பெரிய கதீட்ரலுக்கு டிக்கெட் எடுக்கணும்னு நீங்க யாரும் போகல. பக்கத்துல சும்மா உள்ள விடுற சின்ன சேர்ச்சுக்குப் போனீங்க, கடைசியா கால் தெரியுற போட்டோ அந்த வாசல்லதான். முதல்ல போனது நீங்க. வாசல்ல செருப்பக் கழட்டினீங்க."

கோசலையின் தலை ஆடியது. தலை ஆடத் தொடங்கினால் வாய் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்?

கோயில் என்றால் சப்பாத்தைக் கழற்றுவதுதானே முறை என்று அவர் கேட்டார். அவர் கழற்றினார். பின்னால் வந்தவர் கழற்றினார். முன்னால் போகிறவர் செய்ததைக் காரணம் கேட்காமல் செய்வதுதான் எங்கள் பண்பாடு என்பதால் நாற்பது பேரும் கழற்றினார்கள். புதுச் சப்பாத்துகள் மதில் ஓரம் ஒரு குவியல். உள்ளே ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்தால் மதில் இருந்தது, குவியல் இல்லை. தெரு முனையில் ஒரு குப்பை வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போனவை என்று அந்த மனிதன் நினைத்திருக்க வேண்டும். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் கடவுளைப் பார்க்க ஒருவரும் சப்பாத்தைக் கழற்றியதில்லை.

"வெயிலிலை கல்லு சுடுது. வெறுங்காலோடை சதுக்கம் முழுக்கக் கடந்து போனனாங்கள், அத்தனை பேருக்கும் முன்னாலை," என்றார் கோசலை. "யப்பான்காரர் வீடியோ எடுத்தவை. நான் ஒரு கடை வாசலிலை நிண்டு சப்பாத்து, சப்பாத்து எண்டு தமிழிலைதான் கத்தினன். அந்தக் கடைக்காரிக்கு விளங்கியிட்டுது. அவையின்ரை பாசையிலையும் கிட்டத்தட்ட அப்பிடித்தானாம். ஆனா அவளிட்டை எல்லாருக்கும் அளவா இருந்தது இது ஒண்டுதான்."

நாற்பது தமிழர்கள் ஒரே சிவப்புச் செருப்பில் அதே சதுக்கத்தின் வழியாகத் திரும்பி வந்ததை நான் கற்பனை செய்து பார்த்தேன். பள்ளிக்கூட அணிநடை தோற்றுவிடும். நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் பருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

பேருந்தில் ஏறியதும் சத்தியம் வாங்கியவர் ஜெயமணி. இது லா சப்பலில் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் பேரப்பிள்ளைகளின் கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள் என்றாராம். கிருத்திக்? அவன் எப்போது போனான், எப்போது வந்தான் என்று கோசலைக்குத் தெரியாது. செருப்பு அளவு பார்க்கிற அவசரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. பேருந்து வாசலில் அவனைப் பிடித்துச் சத்தியம் வாங்கியதும் ஜெயமணிதான்.

"பிறகு மத்ரித் வரைக்கும் பெரிய பாடு. புதுக் கயிறு மணம் பஸ் முழுக்க. நல்ல காலம், ஜெயமணியக்கா ஏதோ மலைச்செடி ஒண்டு மணந்துகொண்டு வந்தவ, சத்தி வராமலிருக்க. எனக்கும் ஒரு கிள்ளுத் தந்தவ."

மதாம் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். கோசலையின் ஒரு செருப்பைக் கடனாகக் கேட்டார்.

"தலைவருக்கு மட்டும் தெரியக்கூடாது," என்று கோசலை கையெடுத்துக் கும்பிட்டார். "மத்ரித்திலை அவரைக் காண முன்னம் எல்லாரும் வேறை சப்பாத்து வாங்கிப் போட்டனாங்கள். அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

அன்று பின்னேரமே சங்க அறையில் எல்லோரையும் கூட்டினோம். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கும் அறை; கொத்துரொட்டிச் சத்தம் கீழே இருந்து வந்துகொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் நடு நாற்காலியில் இருந்தார். அவர் தலைக்கு மேலே 'உலகத் தமிழர் ஒற்றுமை விழா' என்று பதாகை. பக்கத்தில் ஜெயமணி, கைக்குட்டையோடு. எதிரே ரேஷ்மாவும் கிருத்திக்கும், நடுவில் ஒரு வெற்று நாற்காலி விட்டு.

மதாம் பணிவாகக் கேட்டார். நடந்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ராதாகிருஷ்ணன் மேடைப் பேச்சாளர். இன்னொரு தடவை என்றால் அவருக்கு விருந்து. சதுக்கம், கபே, வெயில், கோப்பி, கதீட்ரல் மணி, எதிரே ஹோட்டல், அதன் கண்ணாடிக் கதவு, எல்லாம் வந்தது. டிக்கெட் இல்லாதவன் அதிகம் பேசுவான் என்று மதாம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"அலோர், அப்படின்னா உங்க சங்கத்து ஆளுங்க உங்க முன்னாடிதான் போனாங்க?"

"எனக்கு முன்னாலைதான். ஒருத்தர் விடாமல். கலகலப்பாக் கதைச்சுக்கொண்டு போனவை."

"காலுல என்ன போட்டிருந்தாங்க?"

ராதாகிருஷ்ணன் இந்தக் கேள்வியை ஒரு பெண்ணின் அற்பக் கேள்வியாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "சப்பாத்துத்தான். எல்லாம் புதுசு. வேறை என்னத்தைப் போடுறது?"

ஜெயமணியின் கைக்குட்டை நடுவழியில் நின்றது.

மதாம் பையில் இருந்து சிவப்புச் செருப்பை எடுத்து மேசைமேல், தலைவரின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த மேசையில் பொன்னாடை வைத்துப் பார்த்திருக்கிறேன். செருப்பு வைத்துப் பார்த்தது அதுவே முதல் தடவை. சேர்ச், குவியல், குப்பை வண்டி, சதுக்கத்தில் வெறுங்கால், பிறகு நாற்பது சோடி சிவப்பு என்று மதாம் நாலு வசனத்தில் சொன்னார்.

"நீங்க அந்தச் சதுக்கத்துல உக்காந்திருந்தா இதப் பாக்காம இருக்க முடியாது. பாத்திருந்தா சொல்லாம இருக்கவும் முடியாது. உங்க வாயப் பத்தி இந்தத் தெருவுக்கே தெரியும் மொன்சியே. நீங்க தொலேதோவுக்குப் போகவே இல்ல."

கீழே கொத்துரொட்டிச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. ராதாகிருஷ்ணன் பதாகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் செருப்பைப் பார்த்தார். அன்று முழுவதும் மத்ரித் ஹோட்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். விழாவுக்கு உரை எழுதினாராம். உலகத் தமிழர் ஒற்றுமை பற்றி.

"நல்லா வந்திருக்கும்," என்றேன்.

"பெடியன் ஆர் ஆக்கள், என்ன ஆக்கள் எண்டு ஒண்டும் தெரியாது," என்று அவர் குரலை உயர்த்தினார். "எங்கடை ஆள் இல்லை. எங்கடை பிள்ளையை எப்பிடிக் குடுக்கிறது?"

ரேஷ்மா எழுந்து வெற்று நாற்காலியில் உட்கார்ந்தாள், கிருத்திக்குக்குப் பக்கத்தில். வழக்கு முடிந்தது என்று நான் நினைத்தேன். கீழே போய் ஒரு கொத்துரொட்டி சாப்பிடலாம் என்றும் நினைத்தேன். மதாம் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"ஒண்ணு மிச்சம் இருக்கு. நீங்கதான் அங்க இல்லையே. இந்தத் தம்பி கூட்டத்த விட்டுப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? பஸ்ல வந்தவங்களுக்கே தெரியாது. அந்த ஊதாப் பூ எப்படித் தெரியும்?"

ராதாகிருஷ்ணனின் கண் ஒரு நொடி தங்கச்சியின் பக்கம் போய்விட்டு வந்தது. ரேஷ்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஜெயமணி," என்று மதாம் மெதுவாகத்தான் கேட்டார், "பஸ்ல வாந்தி வராம இருக்க மோந்துகிட்டே வந்தீங்களே ஒரு செடி, அது என்ன நிறப் பூ?"

ஜெயமணி கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கிருத்திக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரேஷ்மா அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். அப்போதும் அவன் சொல்லவில்லை. அவள் உலுக்குவதை நிறுத்தவில்லை.

"ரோஸ்மேரி," என்றான் கடைசியில். "அந்த மாதா கோயில் பக்கத்துல மொளச்சிருந்துச்சு. ஆன்ட்டிக்கு பஸ் ஒத்துக்காதுன்னு நீதான சொல்லிருந்த. அதான் பறிச்சுட்டு வந்து குடுத்தேன்."

அவன் கல்யாணம் நின்றாலும் சொல்லமாட்டேன் என்றது இதைத்தான். மாமாவின் கதையில் ஊதாப் பூவைக் கேட்ட அன்றைக்கே அவனுக்கு விளங்கியிருக்கிறது, இது எங்கே இருந்து வந்தது என்று. தாயையும் மகளையும் பிரிக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டு, தன் பெயர் நாறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். தனக்கு அன்பாகத் தந்த செடியைத் தமையனிடம் சொல்லிக்கொடுத்து, கிருத்திக்குக்கு எதிரான சாட்சியாக்கியவர் ஜெயமணி. எனக்கு வந்த கோபத்தில் பகிடி ஒன்றும் வரவில்லை. எனக்கு அது அபூர்வம்.

"அவனிலை எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் ஜெயமணி. "சனம் என்ன சொல்லும் எண்டுதான். எந்த ஊர், என்ன பகுதி, என்ன சாதி எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"தமையனுக்குப் பூவ சொன்னீங்க, நேரத்த சொன்னீங்க," என்றார் மதாம். "இந்தச் செருப்பு விஷயத்தயும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. அத மட்டும் ஏன் சொல்லல?"

ஜெயமணி நிமிர்ந்து, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் மதாமைப் பார்த்தார்.

"அதை எப்பிடிச் சொல்லுறது? வெக்கமெல்லே."

நான் பல வழக்கில் பல காரணம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு தராசை எங்கும் பார்த்ததில்லை. ஒரு தட்டில் மகளின் கல்யாணம், மற்றத் தட்டில் ஒரு சோடி சிவப்புச் செருப்பு. செருப்புத் தட்டுத்தான் கனத்தது. அந்த வெட்கம் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் பொய் நிலைத்திருக்கும், பையன் போயிருப்பான்.

ரேஷ்மா மேசைக்கு வந்தாள். தாயிடம் முதலில் பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு தமிழுக்கு வந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு வரும் தமிழ்.

"சனிக்கிழமை மேரிக்கு வாங்கோ அம்மா. வரவேண்டாம் எண்டு சொல்லமாட்டன்." அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துத் தாய்க்கு நேரே வைத்தாள். "ஆனா உங்கடை சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ. பட்டுச்சீலையோடை. ஏன் எண்டு சனம் கேக்கும். நீங்கள்தான் சொல்லவேணும்."

அவளும் கிருத்திக்கும் படியிறங்கிப் போனார்கள். ஜெயமணி செருப்பைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. கோசலையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மதாம்தான் அதை எடுத்துப் பைக்குள் போட்டார்.

தெருவில் இறங்கியதும் மதாம் கேட்டார், அடுக்கிவைத்த பெட்டியை என்ன செய்யப் போகிறாய் என்று. தொலேதோவுக்கு ஒரு நாள் போவேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து மணிச் சத்தம் கேட்பேன், படம் எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் சனிக்கிழமை பொபினிக்குப் போகிறேன். அங்கே ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். கால் தெரிய.